ஐந்து பெட்டித் தேனை வீட்டிலிருந்தே விற்பது எப்படி?

உங்கள் கேள்வியின் சாரம் இது: குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் ஐந்து அடுக்குத்தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. இந்தப் பருவத்தில் தேனை நேரடியாக விற்க நினைக்கிறீர்கள். என்ன விலை வைப்பது, லைசென்ஸ் வேண்டுமா, அக்கம்பக்கத்தில் சிலர் விற்ற தேன் பாட்டிலுக்குள் பொங்கிப் புளித்ததும் சீனி கட்டியதும் எதனால் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசியில் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். விலையும் லைசென்ஸும் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. ஐந்து பெட்டிக்காரருக்கு வாங்குகிறவர்கள் மொத்தமே முப்பது, நாற்பது வீடுகள்தான். அதில் ஒரு வீட்டில் மூடியைத் திறந்ததும் நுரை பொங்கினால், அந்தத் தெருவில் பிறகு ஒரு பாட்டில்கூட விற்காது. தேன் விற்குமா, திரும்பி வருமா என்பது பெட்டியிலிருந்து அடை கட்டிய மரச்சட்டத்தை வெளியே எடுக்கிற நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்துவிடலாம். அடுக்குத்தேனீக் கூட்டம் ஒன்று வருடத்துக்கு 5 முதல் 10 கிலோ தேன் தரும். ரப்பர் தளிர்க்கும் காலத்தில் கூட்டம் பலமாக இருந்தால் அதைத் தாண்டியும் கிடைக்கும். ஐந்து பெட்டிக்கும் சேர்த்து 40 கிலோ என்று கணக்குப் போடுங்கள். மெழுகு, நுரை, பாத்திரத்தில் ஒட்டுவது என்று ஒன்றிரண்டு கிலோ போய்விடும். இந்தக் கணக்கை முன்கூட்டியே போடச் சொல்வதற்குக் காரணம், 40 கிலோ வரும் இடத்தில் 60 கிலோவுக்கு ஆர்டர் பிடித்துவிட்டால், பழுக்காத தேனை எடுக்கவும் வெளித்தேன் வாங்கிக் கலக்கவும் மனம் போகும்.

சீனிப்பாகு: எப்போது நிறுத்துவது

குமரியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூனிலிருந்து நவம்பர் வரை பூ வரத்து குறைவு. அந்த மாதங்களில் கூட்டத்துக்கு வாரம் 200 கிராம் சீனியைச் சம அளவு தண்ணீரில் கரைத்து வைப்பது வழக்கம். அதில் தவறே இல்லை. அதை நிறுத்தும் நாளில்தான் கவனம் வேண்டும். ரப்பர் இலை உதிர்ந்து, ஜனவரி வாக்கில் செம்புத் தளிர் விடத் தொடங்கியதும் பாகு அடியோடு நிற்க வேண்டும். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. மூன்று இலைகளும் காம்போடு கூடும் இடத்தில் இருக்கும் சுரப்பிகளிலிருந்து வருகிறது. இளந்தளிர் முற்றத் தொடங்கும்போது அந்த இடத்தைக் காலை வெயிலில் பார்த்தால் சின்னத் துளிகள் மினுங்குவது தெரியும். அதற்கப்புறம் பாகு வைப்பது தேனீக்குத் தேவையில்லை, உங்கள் தேனுக்கும் கேடு.

கூட்டம் பெருகும்போது தேனீக்கள், புழு வளர்க்கும் அடியறையில் மிச்சமிருக்கும் பாகை மேலே தேன் அறைக்கு ஏற்றிவிடும். அதனால் பருவத்தின் முதல் எடுப்பில் கிடைக்கும் கொஞ்சத்தைத் தனியாக வைத்துக்கொண்டு மழைக்காலத்தில் அந்தக் கூட்டங்களுக்கே திருப்பிக் கொடுங்கள். விற்பனைக்கு இரண்டாவது எடுப்பிலிருந்து போதும். பரிசோதனைக் கூடத்தில் பாகு கலந்தது மறையாது. கரும்பிலிருந்து வரும் சர்க்கரையின் கார்பன் அமைப்பு வேறு, அதைக் கண்டுபிடிக்கத் தனிச் சோதனையே இருக்கிறது. தேனில் சுக்ரோஸ் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி.

நோய்க்கென்று ஆன்டிபயாடிக் எதையும் பாகில் கலக்காதீர்கள். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் அடுக்குத்தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டுபோன தாய்லாந்து சாக்புரூட் என்ற புழு நோய் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது, தேனில் எச்சமாகத் தங்குவது மட்டுமே மிஞ்சும்.

தேன் பழுத்ததா என்று பார்ப்பது

தேன் அறையிலிருந்து ஒரு சட்டத்தை எடுங்கள். அடையின் முக்கால் பங்குக் கண்களுக்கு மேல் மெழுகு மூடி விழுந்திருக்க வேண்டும். மூடாத கண்களைச் சோதிக்க, சட்டத்தைப் பெட்டிக்கு மேலேயே படுக்கை வசமாகப் பிடித்து ஒரு உதறு உதறுங்கள். தண்ணீர் போலத் துளிகள் தெறித்தால் அது இன்னும் தேனாகவில்லை, தேனீ கொண்டுவந்த இனிப்பு நீரான மதுரம்தான். சட்டத்தைத் திருப்பி வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வாருங்கள். ஒன்றும் தெறிக்காவிட்டால் எடுக்கலாம்.

ரப்பர் வரத்து உச்சத்தில் இருக்கும்போது வாரத்துக்கு ஒருமுறை எடுத்தால் அளவு கூடும் என்று சொல்வார்கள். கூடத்தான் செய்யும். கூடுவது பெரும்பாலும் தண்ணீர். மொத்த வியாபாரியிடம் கொடுப்பவர்களுக்கு அது ஒத்துவரும், ஏனென்றால் அங்கே ஈரத்தை வாங்கும் இயந்திரம் இருக்கிறது. வீட்டிலிருந்து பாட்டிலில் விற்கும் உங்களுக்கு ஒத்துவராது. மேலறை நிறைந்து இன்னும் மூடாமல் இருந்தால், அதை எடுக்க அவசரப்படாமல் இன்னொரு தேன் அறையை ஏற்றிவிட்டுக் காத்திருங்கள்.

அடியறையை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். அங்கே இருப்பது கூட்டத்தின் சாப்பாடு. அந்த அடைகளைத் தேன் எடுக்கும் கருவியில் வைத்துச் சுற்றினால் புழுவின் சாறும் மகரந்தமும் தேனில் கலந்து சீக்கிரம் கெடும். அடுக்குத்தேனீ வேறு எளிதில் பெட்டியை விட்டு ஓடிவிடும் இனம். தேன் அறைச் சட்டத்திலும் ஓரத்தில் முட்டை, புழு இருந்தால் அதைச் சுற்றாமல் திருப்பி வைத்துவிடுங்கள்.

எடுக்கும் நாள்

மழை இல்லாத, காற்று உலர்ந்த நாளாகப் பாருங்கள். தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் திறந்துவைத்த தேன் தன் நிலையில் நிற்கும், அதற்கு மேல் போனால் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். கடலோரக் காற்று வீசும் குமரியில் பெரும்பாலான நாட்கள் அதற்கு மேல்தான். ஆகவே சட்டத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தது முதல் தேனை வாளியில் மூடுவது வரை ஒரே மூச்சில், கதவடைத்த அறைக்குள் முடித்துவிடுங்கள். கதவைத் திறந்துவைத்தால் ஐந்து பெட்டித் தேனீயும் சமையலறைக்குள் வந்துவிடும், பெட்டிகளுக்குள் கொள்ளையும் தொடங்கிவிடும்.

புகைப்பானில் காய்ந்த தேங்காய் மட்டை நார் போதும். இரண்டு மூன்று ஊது ஊதி நிறுத்துங்கள். அதிகப் புகை தேனில் வாசனையாக ஏறி நிற்கும், வாங்குகிறவர்கள் முதல் கரண்டியிலேயே கண்டுபிடிப்பார்கள். மெழுகு சீவும் கத்தியை வெந்நீரில் முக்கி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் உலர்ந்த துணியால் துடைத்த பிறகே அடையில் வையுங்கள். தேன் எடுக்கும் கருவி துருப்பிடிக்காத ஸ்டீலில் இருக்கட்டும். பழைய துத்தநாக முலாம் பூசிய தகரக் கருவியை இரவல் வாங்க வேண்டாம். தேன் புளிப்புத் தன்மை கொண்டது, முலாம் கரைந்து இறங்கும். கைப்பிடியை முதலில் மெதுவாகச் சுற்றி ஒரு பக்கம் பாதி இறங்கியதும் சட்டத்தைத் திருப்பி வைத்து மறுபக்கம் முழுதும் எடுத்து, பிறகு முதல் பக்கத்தின் மிச்சத்தை எடுங்கள். ஒரே பக்கத்தை வேகமாகச் சுற்றினால் மறுபக்கத்துத் தேனின் பாரத்தில் அடை உடைந்துவிடும். உடையாத அடையைத் திருப்பி வைத்தால் தேனீக்கு மெழுகு கட்டும் வேலை மிச்சம், உங்களுக்கு அடுத்த எடுப்பு சீக்கிரம்.

எடுத்த தேனை இரண்டடுக்கு ஸ்டீல் சல்லடையில் வடிகட்டினால் மெழுகுத் துணுக்கும் தேனீக்காலும் நின்றுவிடும். துணியை மூன்று நான்கு மடிப்பாகப் போட்டு வடிகட்டுவது வேண்டாம், நேரம்தான் போகும். மகரந்தமும் தேனில் இருக்க வேண்டியதுதான். அதற்கும் குறைந்தபட்ச அளவு விதியில் இருக்கிறது. வடித்த தேனை அடியில் குழாய் வைத்த உணவுத்தர வாளியில் ஊற்றி இறுக மூடி இரண்டு, மூன்று நாள் அசைக்காமல் வையுங்கள். காற்றுக் குமிழும் மெழுகுத் தூளும் மேலே நுரையாகத் திரளும். கீழ்க்குழாயைத் திறந்து பாட்டிலில் பிடித்தால் தெளிந்த தேன் வரும். மேல் நுரையைத் தனியே எடுத்து வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரை வாங்காமல் தேனை விற்காதீர்கள்

நீங்கள் செலவழிக்க வேண்டிய முதல் பொருள் தேனுக்கான ரிஃப்ராக்டோமீட்டர். சுமாரானது 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும். கண்ணாடியில் இரண்டு துளி தேன் வைத்து, மூடியை அழுத்தி, வெளிச்சத்தைப் பார்த்தால் ஈரப்பதம் சதவீதமாகத் தெரியும். பிரிக்ஸ் என்ற சர்க்கரைச் செறிவு அளவு மட்டுமே இருக்கும் மீட்டரானால் 78.5க்கு மேல் காட்ட வேண்டும், அது ஏறக்குறைய 20 சதவீத ஈரம். எஃப்எஸ்எஸ்ஏஐ வைத்திருக்கும் உச்சவரம்பும் 20தான். வாளியை நன்றாகக் கிளறிய பிறகு அளந்து பாருங்கள், ஏனென்றால் ஈரத்தேன் மேலேயும் கனத்த தேன் கீழேயும் நிற்கும். பாதிப்பேர் தேன் புளித்துப்போவதற்குக் காரணம் தெரியாமல் தவிப்பது இதனால்தான்: அடியில் அளந்தால் 19, மேலே 23.

ஈரம் கூடினால் என்ன ஆகும் என்று கேட்டால், தேனில் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொள்கிறது. சர்க்கரையைத் தின்று வாயுவும் சாராயமும் புளிப்பும் உண்டாக்குகிறது. மூடி உப்புவது, திறந்தால் ஸ் என்று சத்தம், கள் வாடை, விளிம்பில் நுரை வளையம் எல்லாம் அதன் அடையாளங்கள். ரப்பர் தேன் இயல்பிலேயே ஈரம் கூடியது என்பதால் குமரியில் இந்தப் பிரச்சினை மற்ற ஊர்களைவிட அதிகம்.

மீட்டர் 21, 22 காட்டினால் அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சாதீர்கள். நிறம் கறுக்கும், மணம் போகும், சூட்டில் சர்க்கரை சிதைந்து உண்டாகும் எச்எம்எஃப் என்ற பொருள் ஏறும். அதற்கும் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்று வரம்பு இருக்கிறது. ஏசி உள்ள சின்ன அறை இருந்தால் அகலமான ஸ்டீல் தட்டுகளில் இரண்டு விரல் உயரத்துக்குத் தேனை ஊற்றி, கதவு ஜன்னலை அடைத்து, ஏசியையும் சின்ன மின்விசிறியையும் ஓடவிட்டு, சில மணிக்கொரு தடவை கிளறிவிடுங்கள். ஓரிரு நாளில் ஒன்றிரண்டு சதவீதம் இறங்கும். அதற்குமேல் ஈரமாக இருக்கும் தேனோடு வீட்டில் போராட வேண்டாம். மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்திலும் தனியாரிடமும் ஈரம் நீக்கிச் சுத்திகரிக்கும் வசதி உண்டு, மொத்த விலைக்கு அங்கே கொடுத்துவிடுங்கள். விலை குறைவுதான், ஆனால் உங்கள் பெயர் போட்ட பாட்டிலில் அது போகாது.

பாட்டில்களைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள். கழுத்தில் ஒட்டியிருக்கும் ஒரு துளித் தண்ணீர் போதும், மேல்பரப்புத் தேன் அங்கிருந்து புளிக்கத் தொடங்கும். பழைய மதுப் பாட்டில்களில் அடைத்து விற்பது தமிழ்நாட்டில் சாதாரணமாக நடக்கிறது. உணவுப் பொருளை அதில் விற்க வேண்டாம். வாய் குறுகலாக இருப்பதால் உள்ளே காய்வதும் இல்லை, சீனி கட்டினால் எடுக்கவும் வராது. அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடிதான் சரி.

லிட்டரா, கிலோவா?

"ஒரு லிட்டர் என்ன விலை?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1.4 கிலோ எடை. கிலோவுக்கு 900 என்று மனதில் வைத்துக்கொண்டு லிட்டருக்கு 900 என்று சொல்லிவிட்டால், 400 கிராம் தேன் இலவசமாகப் போகிறது. 750 மில்லி பாட்டிலில் ஒரு கிலோவுக்குச் சற்று மேலேயே தேன் நிற்கும். ஜாடி வாங்கும்போதும் இதே கணக்குத்தான்: அரைக் கிலோவுக்கு 360 மில்லி, கால் கிலோவுக்கு 180 மில்லி கொள்ளளவு. விற்பது எப்போதும் எடையில் இருக்கட்டும். தராசு முத்திரையிட்டதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை.

சீனி கட்டுவது கெடுதல் இல்லை

ரப்பர் தேனில் குளுக்கோஸ் கூடுதல் என்பதால் சில வாரங்களிலேயே மணல் மணலாக உறையும். வாங்கியவர் "சீனி கலந்திருக்கிறீர்கள்" என்றுதான் முதலில் சொல்வார். இதை அவர் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட வேண்டும். லேபிளிலேயே ஒரு வரி: "இந்தத் தேன் உறையும். வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகும்." இந்த ஒரு வரி பத்துத் தொலைபேசி அழைப்புகளை மிச்சப்படுத்தும்.

இளக்கும் முறையையும் எழுதிக் கொடுங்கள். பாத்திரத்தின் அடியில் துணி மடித்துப் போட்டு, ஜாடியை மூடி தளர்த்தி நிறுத்தி, தேன் மட்டத்துக்கு 45 டிகிரி வெந்நீர் ஊற்றி, ஆற ஆற மாற்ற வேண்டும். கை பொறுக்கும் சூடுதான் 45 டிகிரி. அடுப்பில் ஏற்றக் கூடாது, மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், குளிர் உறைவதைத் தூண்டும். உறைந்த தேனை அப்படியே சப்பாத்திக்குத் தடவிச் சாப்பிடலாம், குழந்தைகளுக்கு அது பிடிக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: உறையும்போது பிரிந்து மேலே நிற்கும் நீர்த்த பகுதியில் ஈரம் கூடிவிடும். ஈரம் 20ஐ ஒட்டியிருக்கும் தேன் உறைந்தால் மேலிருந்து புளிக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் ரப்பர் தேனை 19க்குக் கீழே கொண்டுவந்து அடைப்பது நல்லது.

சுத்தமான தேனைக் கண்டுபிடிக்கத் தீக்குச்சியை முக்கிக் கொளுத்துவது, தண்ணீரில் விடுவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது, நாய் நக்குகிறதா என்று பார்ப்பது இவற்றில் எதுவும் நிரூபணம் இல்லை. கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அப்படியே கீழே போய் உட்காரும். ஈரம் கூடிய நல்ல தேனில் முக்கிய தீக்குச்சி பற்றாது. வாங்குபவர் முன்னால் இந்தச் சோதனைகளை நீங்களே செய்துகாட்டி விற்காதீர்கள். நாளைக்கு அதே சோதனையில் உங்கள் நல்ல தேன் தோற்கும். அதற்குப் பதிலாக மீட்டரைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையமான சிஎஸ்இ 13 பிராண்டுகளைச் சோதித்ததில் 10 பிராண்டுகள், சர்க்கரைக் கலப்பைக் கண்டறியும் என்எம்ஆர் சோதனையில் தேறவில்லை என்று வெளியானதிலிருந்து, பெட்டியை நேரில் பார்த்து வாங்க விரும்புகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்கு வாய்ச் சோதனையைவிட ஆதாரம் முக்கியம். வருடத்துக்கு ஒருமுறை ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஈரம், சுக்ரோஸ், எச்எம்எஃப் மட்டுமாவது பார்த்து அந்தத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சோதனையும் செய்ய 40 கிலோ தேன் தாங்காது.

பதிவும் லேபிளும்

வீட்டிலிருந்து பாட்டிலில் அடைத்து விற்பதற்கு எஃப்எஸ்எஸ்ஏஐயின் அடிப்படைப் பதிவு வேண்டும். அதன் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் புகைப்படம், அடையாள அட்டை, முகவரியுடன் சிறு வியாபாரிக்கான விண்ணப்பத்தைப் போடலாம். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் அளவில்தான். கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சிட வேண்டும். ஐந்து பெட்டியின் விற்பனைக்கு உள்ளூரில் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. வெளிமாநிலத்துக்கு அனுப்புவதானால் ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே விதி வேறு.

லேபிளில் வர வேண்டியவை: பொருளின் பெயர், உங்கள் பெயரும் முழு முகவரியும், நிகர எடை, தொகுதி எண், அடைத்த தேதி, எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், வரி உட்பட அதிகபட்ச விலை, கிராமுக்கு என்ன விலை, புகார் சொல்ல எண், எஃப்எஸ்எஸ்ஏஐ சின்னமும் எண்ணும், பச்சைப் புள்ளி. தேனீயிலிருந்து வந்தாலும் விதிப்படி தேன் சைவத்தில் சேர்கிறது. இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. தமிழைக் கூடுதலாகப் போடலாம், தமிழில் மட்டும் போட்டால் செல்லாது. எடையளவுச் சட்டத்தின் கீழ் பொட்டலமிடுபவராகப் பதிவதையும் தராசு முத்திரைக்குப் போகும்போதே கேட்டு முடித்துவிடுங்கள்.

"சர்க்கரை நோய்க்கு நல்லது", "ஆஸ்துமா தீரும்" என்று எதையும் எழுதக் கூடாது. தேனில் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரைதான், சர்க்கரை நோயாளி கேட்டால் அதையே சொல்லுங்கள். சான்றிதழ் இல்லாமல் "ஆர்கானிக்" என்று போடாதீர்கள். பெட்டித்தேனை "மலைத்தேன்" என்று போடுவது பொய். "ரப்பர்த் தேன், பிப்ரவரி எடுப்பு" என்று உள்ளதை எழுதினால் போதும், விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் கட்டாயம் பெரிய எழுத்தில் போடுங்கள்: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. தேனில் பாட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம், பச்சிளங்குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு உண்டாக்கும். நம் ஊரில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பதற்கென்றே நல்ல தேன் கேட்டு வருவார்கள். அப்படி வருபவர்களிடம் காரணத்தைச் சொல்லி, கொடுக்காமல் அனுப்புங்கள்.

விலை

கணக்கைத் திறந்து வைத்துப் பார்ப்போம். 38 கிலோவை 60 அரைக் கிலோ ஜாடியாகவும் 32 கால் கிலோ ஜாடியாகவும் அடைக்கிறீர்கள். அரைக் கிலோ 450, கால் கிலோ 240 என்று வைத்தால் மொத்தம் 34,680 ரூபாய். ஜாடி, மூடி, லேபிள் சேர்த்து ஒன்றுக்கு 30 ரூபாய் என்றால் 2,760. ஐந்து கூட்டங்களுக்கும் மழைக்காலச் சீனி 25 கிலோ, ஏறக்குறைய 1,200. மீதி 30,000க்குச் சற்று மேல். அதிலிருந்துதான் மீட்டர், கருவி, சல்லடை, பெட்டிப் பழுது, உங்கள் உழைப்பு. இதே தேனை மொத்த வியாபாரிக்குக் கொடுத்தால் இதில் பாதிகூட வராது. இந்த விலையைச் சூப்பர் மார்க்கெட் தேனோடு ஒப்பிட்டுக் குறைக்காதீர்கள். 40 கிலோ மட்டுமே உள்ள பொருளுக்குத் தள்ளுபடி அவசியமில்லை.

கடைகளில் வைப்பதை எனக்குப் பெரிதாகப் பிடிப்பதில்லை. இயற்கை அங்காடிகள் நூற்றுக்கு 25, 30 கேட்பார்கள், பணமும் விற்றபின்தான் வரும், ஜாடி வெயில் விழும் ஜன்னலோரம் நிற்கும். வீடுகளுக்கு நேராகக் கொடுப்பதே நிலையானது. ஒரு குடும்பம் மாதம் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை வாங்கும். மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கும் இருபத்தைந்து வீடுகள் கிடைத்துவிட்டால் உங்கள் தேன் முடிந்தது. வாட்ஸ்அப்பில் எடுப்பு நாளன்று தேதி, மீட்டர் அளவு, எத்தனை ஜாடி இருக்கிறது என்ற மூன்று விவரம் போட்டால் போதும். முதல் ஜாடியை மட்டும் பக்கத்து வீட்டுக்கு இலவசமாகக் கொடுங்கள். கொட்டு வாங்குவது அவர்களும்தான்.

ஒவ்வொரு எடுப்புக்கும் ஒரு நோட்டில் பக்கம் ஒதுக்குங்கள்: தேதி, எந்தெந்தப் பெட்டி, ஈரம், எத்தனை ஜாடி, யார் வாங்கினார்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் 100 கிராம் எடுத்துச் சீல் வைத்து ஒரு வருடம் இருட்டில் வையுங்கள். புகார் வரும்போது அந்த மாதிரியைத் திறந்து பார்த்தால், தேனில் குறையா, வாங்கியவர் ஈரக்கரண்டி போட்டாரா என்பது தெரிந்துவிடும்.

மே மாதத்துக்குள் தேன் தீர்ந்துவிடும், ஆர்டர் மட்டும் வந்துகொண்டிருக்கும். அப்போது வெளியில் டின் தேன் வாங்கி உங்கள் லேபிளில் அடைக்க வேண்டாம். அந்தத் தேனுக்கு எங்கே பாகு வைத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பெயரை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த பிப்ரவரியில் முதலில் அவர்களுக்குக் கொடுங்கள். தெரிந்த வேறொரு வளர்ப்பவரிடம் அனுப்பினாலும் நல்லதுதான்.

அடையோடு வெட்டி விற்பது ஒரு நல்ல கூடுதல் வழி. முழுதும் மூடிய புதிய வெள்ளை அடையை உணவுத்தரப் பெட்டி அளவுக்கு வெட்டி, கம்பி வலை மேல் ஓரங்களை வடியவிட்டு, மூடி ஃபிரீசரில் ஒரு நாள் வைத்து எடுங்கள். மெழுகு அந்துப்பூச்சி முட்டை இருந்தால் செத்துவிடும். கிலோ விலை தேனைவிடக் கூட வைக்கலாம், ஆனால் கூட்டத்துக்குப் புது அடை கட்டும் பாரம் சேரும் என்பதால் பெட்டிக்கு ஒன்றிரண்டு அடைக்கு மேல் வேண்டாம். கொட்டாத சின்னத் தேனீயின் கொசுத்தேன் இருந்தால் அதை இந்தத் தேனோடு கலக்காதீர்கள். அதன் ஈரம் இயல்பிலேயே மிகக் கூடுதல், வெளியே வைத்தால் புளிக்கும்.

பார்சலுக்கு ஜாடியின் வாயில் ஃபாயில் சீல், மூடிக்கு மேல் டேப், அதற்கு மேல் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை, பிறகு குமிழி உறை மூன்று சுற்று, அட்டைப்பெட்டியில் ஜாடி ஆடாத அளவுக்குக் காகிதத் திணிப்பு. கண்ணாடி உடைவதைவிட மூடி வழிந்து பெட்டி நனைவதுதான் அதிகம் நடக்கும். கோடை வெயிலில் லாரியில் கிடக்கும் தேன் இளகி எந்த இடுக்கிலும் வழியும்.

அப்படியும் ஒரு ஜாடி புளித்துத் திரும்பி வந்தால் பேசாமல் மாற்றிக் கொடுங்கள். அதே தொகுதி வாங்கிய மற்ற வீடுகளையும் நோட்டைப் பார்த்து நீங்களே அழைத்துக் கேளுங்கள். திரும்பி வந்த தேனைப் பெட்டிக்குள் வைத்துத் தேனீக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், புளித்த தேன் தேனீக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும்.